அவியாத கடலையும் காய்க்காத செடியும்

இரவு முழுக்க ஊறப்போட்டும் கடலை (கொண்டைக்கடலை) கல்லாகவே இருக்கிறது. எத்தனை விசில் விட்டும் பலனில்லை. (சாம்பல்தீவு)

முதலில் கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகியுங்கள். வன்னீரில் உள்ள கல்சியம் கடலையின் கலச்சுவரிலுள்ள பெக்டின் என்னும் பசைப்பொருளை இறுக்கிவிடும். மழைநீரோ நல்ல குழாய்த் தண்ணீரோ எடுங்கள். 250 கிராம் கடலைக்கு ஒரு லீற்றர் தண்ணீர், கால் தேக்கரண்டி அப்பச்சோடா, 10 முதல் 12 மணித்தியாலம். வெக்கை நாளில் நுரைத்துப் புளிக்கும், நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பிறகு கழுவிப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். சோடா கூடினால் தோல் கழன்று சவர்க்கார வாடை வரும். உப்பை ஊறும்போதே போடலாம். உப்புப் போட்டால் அவியாது என்பது வீண்பயம். புளியும் தேசிக்காயும்தான் இறுக்கும், அவற்றைக் கடலை அவிந்தபின் சேருங்கள். இவ்வளவுக்கும் மசியாவிட்டால் கடலை பழசு. வெக்கையிலும் ஈரத்திலும் மாதக்கணக்காகக் கிடந்த கடலைக்கு மருந்தில்லை. ஊறியதை அரைத்து வடை சுடுங்கள்.

நவராத்திரிக்குக் காலையில் தாளித்த கடலை பின்னேரம் நூல் விடுகிறது. (உப்புவெளி)

தேங்காய்தான் முதலில் கெடுவது. அவித்ததை நன்றாக வடித்து, தட்டில் பரப்பி ஆறவிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பூசைக்குச் சற்றுமுன் கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலையோடு தாளித்து, தேங்காய்ச் சொட்டைக் கடைசியில் சேருங்கள். 2 மணித்தியாலத்துக்குள் பங்கிட்டுவிடுங்கள்.

மகனுக்குக் கச்சான் (நிலக்கடலை) ஒவ்வாது. இந்தியப் பொதிகளில் 'கடலை' என்று கண்டால் வாங்கலாமா? (மூதூர்)

பொருட்பட்டியலைப் படிக்காமல் வாங்கவேண்டாம். தமிழ்நாட்டுக் கடலை எண்ணெயும் கடலை மிட்டாயும் கச்சானில் செய்பவை. நம்முடைய கடலையை அங்கே கொண்டைக்கடலை என்பார்கள். கடலை மா இரண்டு கரையிலும் கொண்டைக்கடலை மாதான்.

கடையில் வாங்கிய கடலை முளைத்துச் செடியானது. பூக்கிறது, காய்க்கவில்லை. இலையைத் தொட்டால் விரல் புளிக்கிறது, நோயா? (நிலாவெளி)

புளிப்பு நோயல்ல. இலை மயிர்களில் கசியும் மலிக், ஒக்சாலிக் அமிலங்கள் அவை. காய்க்காததற்குக் காரணம் வெயில். இது குளிர்காலப் பயிர். பூக்கும்போது 35 பாகை செல்சியசைத் தாண்டினால் மகரந்தம் கெடும். மாரி மழையில் விதைத்தால் வேர் அழுகும். மழை தணியும் சனவரித் தொடக்கமே நம் திருகோணமலைப் பக்கத்துக்குத் தோது. வெள்ளைக் கடலையை விட்டு, சிறிய கபிலக் கடலையை விதையுங்கள், வெக்கையை அது கூடத் தாங்கும். மணல் கலந்த மண், 3 முதல் 4 சென்ரிமீற்றர் ஆழம். மேல்மண் காய்ந்தபின் மட்டும் நீர். யூரியா வேண்டாம், இலை தழைக்கும், காய் குறையும். பச்சைப்புழு காயைத் துளைத்து விதையைத் தின்னும், காலையில் பார்த்துக் கையால் பொறுக்குங்கள். ஒரு காயில் ஒன்றிரண்டு விதைதான், சட்டிச் செடியில் ஒரு கறிக்குத் தேறாது.