வலைக்கு வராத மீன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மீன்வளக் கணக்கு பற்றிய உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டு இடங்களில் மாட்டிக்கொண்டேன். ஓரிடத்தில் ‘மீன்பிடி இறப்பு 1.2’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நூற்றுக்கு நூற்றிருபது மீன் செத்ததா? இன்னொன்று, வலையில் விழுந்ததை எண்ணலாம், சரி. கடலுக்குள் தானாகச் செத்ததை யார் எண்ணினார்கள்? ‘இயற்கை இறப்பு 0.2’ என்று எங்கே பார்த்தாலும் அதே எண் வருகிறது. “அது குத்துமதிப்பு, அதன் தலையில் கம்ப்யூட்டரை ஏற்றி வைத்திருக்கிறார்கள்” என்கிறார் என் நண்பர். அவர் சொல்வது சரிதானா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1.2இல் நீங்கள் மாட்டிக்கொண்டது என் தவறு. வீதம் என்று எழுதினேனே தவிர எந்த மாதிரி வீதம் என்று சொல்லவில்லை. அது ஆண்டு முடிவில் போடும் சதவீதம் அல்ல. அந்தந்த நொடியில் உயிரோடு இருப்பவற்றின் மேல் விழுந்துகொண்டே இருக்கும் வீதம், கூட்டு வட்டியைத் திருப்பிப் போட்ட மாதிரி. 1,000 மீனில் மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு போகிறது என்று வையுங்கள். 900, 810, 729 என்று இறங்கி, பன்னிரண்டாம் மாதம் 282இல் நிற்கும். மாதத்தை நாளாக, நாளை நொடியாக நறுக்கிக்கொண்டே போனால் அது 301 ஆகும். அதாவது 1.2 என்றால் நூற்றுக்கு எழுபது. வீதம் 3 என்றாலும் நூறைத் தொடாது.

இப்படிச் சுற்றி வளைப்பதற்குக் காரணம் உண்டு. இயற்கை இறப்பு 0.2 மட்டும் இருந்தால் ஆண்டுக்கு 18 சதவீதம் சாகும். மீன்பிடி இறப்பு 0.5 மட்டும் இருந்தால் 39 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் 57 ஆகவேண்டும் என்று தோன்றும், ஆனால் 50தான் வரும். வலையில் போன மீனைச் சுறா விழுங்க முடியாது, சுறா விழுங்கியது வலைக்கு வராது. வீதங்களையோ பயமில்லாமல் கூட்டலாம்: 0.2 + 0.5 = 0.7. செத்த ஐம்பதை அதே விகிதத்தில் பிரித்தால் வலைக்கு 36, மற்றதற்கு 14. ஃபியோதர் பரனோவ் என்ற ரஷ்யர் 1918இல் எழுதிய சமன்பாடு இது. மீனை எண்ணும் இன்றைய பெரிய கணித மாதிரிகளின் வயிற்றிலும் இதுதான் உட்கார்ந்திருக்கிறது.

மொத்த இறப்பைக் கண்டுபிடிக்கச் செத்த மீன் வேண்டாம், உயிரோடு பிடிபட்ட மீன்களின் வயது போதும். வயது செவிக்கல்லில் இருக்கிறது. மீனின் தலைக்குள், உட்காதில் கிடக்கும் சின்னச் சுண்ணாம்புக் கல். அதைக் குறுக்கே அறுத்து, தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தால் மரத்துண்டு மாதிரி வளையம் வளையமாகத் தெரியும். ஒருமுறை எனக்கும் பார்க்கக் கொடுத்தார்கள். ஏழு என்றேன். இருபது வருடமாக அதையே செய்கிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஒன்பது” என்றார். விளிம்பில் எனக்கு ஒரே கோடாகத் தெரிந்தது அவருக்கு மூன்று கோடு. வயதான மீன் அதிகம் வளராது, அதனால் கடைசி வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். என்னை மாதிரி ஆட்கள் ஒரு வருடம் முழுக்க எண்ணினால் கிழட்டு மீன்களே இல்லை என்று முடிவாகும். உடனே இறப்பு எகிறிவிட்டதென்று கணக்கு சொல்லும்.

சரி, வயதைச் சரியாகவே எண்ணிவிட்டோம். ஐந்து வயது மீன் 600, ஆறு வயது 360, ஏழு 216, எட்டு 130. ஒவ்வொரு வயதிலும் அறுபது சதவீதம் மிஞ்சுகிறது. மடக்கை (லாகரிதம்) எடுத்து வரைந்தால் நேர்கோடு கிடைக்கும், அதன் சாய்வு 0.51, அதுதான் மொத்த இறப்பு. எல்லா ஆண்டும் ஒரே அளவு குஞ்சு பிழைத்திருந்தால்தான் இது செல்லும். மீன்களிடம் அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. நார்வேயின் ஹெர்ரிங் மீனில் 1904ஆம் ஆண்டு பிறந்த கூட்டம் அத்தனை பெரியது, அடுத்த பல ஆண்டுகள் வலையில் விழுந்ததில் பெரும்பகுதி அதுவாகவே இருந்தது. ஜோஹான் யோர்ட் என்ற நார்வே விஞ்ஞானி அதை 1914இல் விரிவாக எழுதினார். அதனால் ஓர் ஆண்டில் சந்தைக்கு வந்த மீன்களை மட்டும் பார்க்காமல், ஒரே ஆண்டில் பிறந்தவற்றை வருடக்கணக்கில் பின்தொடர்கிறார்கள்.

இனிமேல்தான் உங்கள் நண்பர் சொன்ன இடம். ஐந்து வயதில் இருந்த மீன் ஆறு வயதில் இல்லை. வலை பிடித்திருக்கலாம். வேறு ஏதாவது தின்றிருக்கலாம். பெரிதான பிறகு வலை போகாத ஆழத்துக்குப் போய் நிம்மதியாக இருக்கவும் செய்யலாம். மூன்றும் தரவில் ஒரே மாதிரிதான் தெரியும்: இல்லை என்று.

பிரிக்க ஒரு வழி மீன்பிடியை நிறுத்திப் பார்ப்பது. யார் நிறுத்துவார்கள்? போர் நிறுத்தியது. இரண்டாம் உலகப் போரின்போது வட கடலில் கண்ணிவெடிகள் கிடந்தன, இழுவைப் படகுகளைக் கடற்படை எடுத்துக்கொண்டது. போர் முடிந்து வலை வீசியபோது வயதான, பெரிய பிளைஸ் என்ற தட்டை மீன்கள் கிடைத்தன. போருக்கு முன்னும் பின்னும் இருந்த வயதுக் கணக்கை ஒப்பிட்டு, பிளைஸின் இயற்கை இறப்பு ஏறத்தாழ 0.1 என்று பெவர்ட்டன், ஹோல்ட் என்ற இரண்டு மீன்வள விஞ்ஞானிகள் 1957இல் எழுதினார்கள்.

எல்லா மீனுக்கும் போர் வராது. அதனால் ஒப்பீட்டு விதிகள். டேனியல் பாலி என்ற மீன்வள விஞ்ஞானி 1980இல் 175 மீன் கூட்டங்களை எடுத்து, வளர்ச்சி வேகத்தையும் நீரின் வெப்பத்தையும் வைத்து இயற்கை இறப்பைக் கணிக்க ஒரு சமன்பாடு தந்தார். ஹோனிக் என்ற இன்னொருவர் 1983இல் இன்னும் எளிதாக்கினார்: அந்த இனத்தில் மிக வயதான மீனின் வயது போதும். நூறு வயது தாண்டும் ஆரஞ்சு ரஃபி என்ற ஆழ்கடல் மீனுக்கு ஆண்டு இறப்பு மிகச் சிறியது. இருபது வயது வாழ்வதற்குச் சுமார் 0.2. நீங்கள் எங்கும் பார்க்கும் அந்த எண்ணில் பாதி இப்படி வந்தது, மீதி பழக்கம்.

அந்த எண்ணைக் கொஞ்சம் அசைத்தால் என்ன ஆகும்? ஆண்டு முடிவில் 100 மீன் மிச்சம், நடுவில் பிடித்தது 50. ஆண்டு தொடக்கத்தில் எத்தனை இருந்தன? இதைப் பின்னோக்கிக் கணக்கிடும் ஜான் போப்பின் 1972ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் இயற்கை இறப்பு 0.2 என்று போட்டால் 177. 0.4 என்று போட்டால் 210. பிடித்தது அதே ஐம்பதுதான், கடலில் மட்டும் 33 மீன் முளைத்துவிட்டன. இப்படியே பத்து ஆண்டு பின்னோக்கிப் போனால் பெருகிக்கொண்டே போகும். இயற்கை இறப்பை அதிகமாக வைத்தால் கடல் நிறைந்து தெரியும், வலையின் குற்றம் குறைந்து தெரியும். படகுக்காரருக்குப் பிடித்த தவறு அது.

எண்ணை நாம் வைக்காமல் தரவையே கேட்டால் என்ன என்று நானும் ஒருமுறை பார்த்தேன். 0.15க்கும் 0.35க்கும் கணித மாதிரி ஏறக்குறைய ஒரே அளவுக்குப் பொருந்தியது. தாம்பாளத்தில் விட்ட கோலி மாதிரி விடை எங்கும் நிற்காமல் உருண்டது. அன்று மாலை முழுக்க நிரலில் பிழை தேடினேன். பிழை நிரலில் இல்லை, பிடிப்புத் தரவுக்குள் அந்தத் தகவலே இல்லை.

வெளியிலிருந்து தகவல் வரவேண்டும். அடையாளச் சீட்டு குத்தி விட்ட மீன்கள் திரும்பி வருவது ஒன்று (சீட்டு விழுந்துவிடும், கிடைத்தவர் சொல்லாமல் விடுவார், அது தனிக் கதை). தெற்கு நீலத்துடுப்புச் சூரையில் டி.என்.ஏ.வைக் கொண்டு ஆயிரக்கணக்கான மீன்களுக்கு நடுவே 45 தாய்/தந்தை–குஞ்சு ஜோடிகளைக் கண்டுபிடித்து, அதிலிருந்து வளர்ந்த மீன்களின் எண்ணிக்கையைக் கணித்தார்கள் (கூட்டம் பெரிதானால் ஜோடி அகப்படுவது அரிது). எனக்கு இதுவரை மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

கணக்கு தவறியதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட் மீனைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 1992 ஜூலை 2 அன்று மீன்பிடியை நிறுத்தினார்கள், சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. 0.2 அங்கே முதல் குற்றவாளி அல்ல. மீன் குறையக் குறைய மிஞ்சியவை ஓரிடத்தில் நெருங்கின, டிராலர்கள் நேராக அங்கேயே போயின, ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்த மீன் குறையவில்லை. அதை வைத்துக் கடலில் மீன் இருக்கிறது என்று கணக்குப் போட்டார்கள். 0.2 உடைந்தது பக்கத்தில், செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் தென்பகுதியில். 1993இல் அங்கே காட் மீன்பிடியை மூடினார்கள். வலை ஏறக்குறைய நின்ற பிறகும் பெரிய மீன்கள் செத்துக்கொண்டே இருந்தன, அதுவும் 0.2ஐ விடப் பல மடங்கு வேகத்தில். மீன் தின்னும் சாம்பல் நிறச் சீல்கள்மேல்தான் முதல் சந்தேகம்.

என் கட்டுரையில் வந்த 1.2உம் இயற்கை இறப்பை 0.2 என்று வைத்துக்கொண்டு கிடைத்ததுதான். 0.3 என்று வைத்தால் அது இறங்கும். அதைச் சொல்லும் ஒரு வரியை இன்று காலை கட்டுரையில் சேர்த்துவிட்டேன், உங்கள் நண்பரிடம் காட்டுங்கள்.