அமெரிக்க நகரங்களில் கல்லூரிக் கால்பந்துக்கு (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து) புது ஸ்டேடியம் கட்டுவது ஏன் இத்தனை சிரமம்?

பணத்தைவிடப் பெரிய சிக்கல் அக்கம்பக்கத்தார்தான். ஒரு சீசனில் சொந்த மைதானத்தில் ஆறேழு ஆட்டம்தான் நடக்கும். அதற்காக ஆண்டு முழுக்க ஒரு கான்கிரீட் மலையை வாசலில் வைத்துக்கொள்ள யார் சம்மதிப்பார்கள்? பிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகம் 35,000 இருக்கைகளோடு திட்டம் போட்டது. சுற்றிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். திட்டத்தை விளக்க 2018-இல் பல்கலைக்கழகம் நடத்திய கூட்டத்தை மக்கள் கோஷம் போட்டே நிறுத்திவிட்டார்கள். ஸ்டேடியம் வரவேயில்லை. அவர்கள் கோபம் நியாயம் என்றே நினைக்கிறேன்.

கலிபோர்னியாவின் சான் டியாகோ ஸ்டேட் பல்கலைக்கழகம், பழைய ஸ்டேடியம் இருந்த நிலத்தையே நகராட்சியிடம் வாங்கியது. அதற்கும் நகர மக்களின் வாக்கெடுப்பு தேவைப்பட்டது. கட்டி முடியும்வரை அணி லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே கார்சன் நகரில் போய் ஆடியது. அப்புறம் 2022-இல் முதல் ஆட்டத்தன்று வெயில் கொளுத்தியது. நிழலில்லாத இருக்கைகளில் பலருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது.