கரண்ட் இணைப்பு இல்லாத இடத்தில் தங்க, மோட்டார்ஹோமுக்கு இன்வெர்ட்டர் அவசியமா?

கேள்வி: அமெரிக்காவில் பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு கூடிய வண்டி) ஒன்றை வாங்கியிருக்கிறோம். இதுவரை கரண்ட் இணைப்பு உள்ள முகாம்களில்தான் தங்கினோம். இனிப் பாலைவனம், மலையடிவாரம் என்று இணைப்பே இல்லாத இடங்களில் இரண்டு மூன்று இரவுகள் தங்க ஆசை. 2,000 வாட் இன்வெர்ட்டர் போட்டே ஆக வேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்:

முதலில் உங்கள் ஃபிரிட்ஜ் எதில் ஓடுகிறது என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பழைய மோட்டார்ஹோம்களில் பெரும்பாலும் கேஸ், கரண்ட் இரண்டிலும் ஓடக்கூடிய ஃபிரிட்ஜ்தான் இருக்கும். புரொப்பேன் கேஸில் ஓடும்போது அதன் கட்டுப்பாட்டுப் பலகைக்கு மட்டும் கொஞ்சம் 12 வோல்ட் மின்சாரம் போதும். முந்தைய உரிமையாளர் அதைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண வீட்டு ஃபிரிட்ஜை வைத்திருந்தால் கதை வேறு. இருபத்து நான்கு மணி நேரமும் 120 வோல்ட், அதாவது இங்கத்திய வீட்டுக் கரண்ட், வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாமல் நடக்காது.

மற்றபடி விளக்கு, தண்ணீர்ப் பம்ப், கூரை மின்விசிறி, குளிருக்கான ஹீட்டரின் ஊதுவிசிறி, கேஸ் கசிவு அலாரம் எல்லாமே பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட்டில் ஓடுபவை. செல்போனுக்கும் அப்படித்தான். லேப்டாப்புக்குக்கூட 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சார்ஜர்கள் இப்போது கிடைக்கின்றன. இன்வெர்ட்டர் இல்லையென்றால் நீங்கள் இழப்பது சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட்டுகள், மைக்ரோவேவ், ஏசி. அவ்வளவுதான்.

நம்மவர்கள் இந்த விஷயத்தில் குழம்புவதற்கு 'இன்வெர்ட்டர்' என்ற சொல்லே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது வீட்டுக்கு வீடு 'இன்வெர்ட்டர் போட்டோம்'. அது பேட்டரி, சார்ஜர், தானாக மாறிக்கொள்ளும் சுவிட்ச் எல்லாம் சேர்ந்த முழு ஏற்பாடு. கரண்ட் போனால் காப்பாற்றும், வந்தால் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். இங்கே கடையில் இன்வெர்ட்டர் என்று விற்பது பெரும்பாலும் வெறும் பெட்டி. 12 வோல்ட்டை 120 ஆக்குவது மட்டுமே அதன் வேலை. ஒரு துளி மின்சாரத்தையும் அது சேமிக்காது, உண்டாக்காது. மாற்றும்போது பத்து சதவீதம் போலத் தானும் தின்றுவிடும்.

இது புரியாமல் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பரில் கலிபோர்னியாவின் லோன் பைன் ஊரை அடுத்த அலபாமா ஹில்ஸில் தங்கியிருந்தோம். உருண்டைப் பாறைகளுக்குப் பின்னால் 4,421 மீட்டர் உயர விட்னி சிகரம். அரசு நிலம், இணைப்பு எதுவும் கிடையாது. புதிதாக வாங்கிய 1,000 வாட் இன்வெர்ட்டரைப் பேட்டரியில் இணைத்துவிட்டு, பெரிய புத்திசாலியாக, முகாமின் கரண்ட் கம்பத்தில் செருக வேண்டிய வண்டியின் வெளி வயரை அதில் செருகினேன். வண்டிக்குள் எல்லா பிளக்கிலும் கரண்ட்! அன்று இரவு எனக்கிருந்த பெருமிதத்தைச் சொல்லி மாளாது.

அதிகாலை மூன்று மணிக்கு ஹீட்டரின் ஊதுவிசிறி முனகிக்கொண்டே நின்றது. கேஸ் அலாரம் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. வெளியே உறைபனி. நடந்தது என்னவென்றால், 'ஆட்டோ'வில் இருந்த ஃபிரிட்ஜ், 120 வோல்ட் வந்துவிட்டதைக் கண்டு கேஸை அணைத்துவிட்டுக் கரண்டுக்கு மாறியிருக்கிறது. இன்னொரு பக்கம், வெளிக் கரண்ட் கிடைத்துவிட்டதாக நினைத்து வண்டியின் சார்ஜர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றத் தொடங்கியிருக்கிறது, அந்தப் பேட்டரியிலிருந்தே எடுத்து! ஓட்டை வாளியால் கிணற்று நீரை இறைத்து, அதே கிணற்றில் ஊற்றிய கதைதான். ஜெனரேட்டரைக் கிளப்பலாம் என்றால் என் வண்டியில் அதுவும் அதே பேட்டரியில்தான் ஸ்டார்ட் ஆகும். கடைசியில், தனிப் பேட்டரியில் ஸ்டார்ட் ஆகும் வண்டி இன்ஜினை ஓடவிட்டு, முன் இருக்கைகளில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

ஊர் திரும்பியதும்தான் கணக்குப் போட்டேன். எங்களிடம் இருப்பவை கோல்ஃப் வண்டிகளில் வரும் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு. சேர்த்தால் 12 வோல்ட், 220 ஆம்பியர்-அவர்; பெருக்கினால் 2,640 வாட்-அவர். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் கையில் உள்ளது 1,300 வாட்-அவர் சொச்சம். நம் ஊர் மின் கட்டணக் கணக்கில் சொன்னால் 1.3 யூனிட். மொத்த இரவுக்கும் அவ்வளவுதான்! ஃபிரிட்ஜ் கரண்டில் ஓடினால் அதன் ஹீட்டர் மட்டுமே மணிக்கு 0.3 யூனிட் குடிக்கும்.

இந்த யூனிட் கணக்கை வைத்தே உங்கள் தேவையையும் அளந்து பாருங்கள். 60 வாட் லேப்டாப் ஐந்து மணி நேரம் ஓடினால் 0.3 யூனிட். 550 வாட் மிக்ஸி மூன்று நிமிடம் ஓடினால் 0.03 யூனிட்கூட ஆகாது. ஆச்சரியமாக இருக்கும், ஆனால் லேப்டாப்தான் பெருந்தீனிக்காரன். இன்வெர்ட்டரின் வாட் அளவை முடிவு செய்வது ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கிறீர்கள் என்பது. பேட்டரியின் அளவை முடிவு செய்வது எவ்வளவு நேரம் இழுக்கிறீர்கள் என்பது. மிக்ஸிக்குப் பெரிய இன்வெர்ட்டரும் சின்னப் பேட்டரியும் போதும். லேப்டாப்புக்கு நேர் எதிர். கடைக்காரர் முதலாவதை மட்டும் சொல்கிறார். ஏனென்றால் அவர் விற்பது அதைத்தான்.

இனி மைக்ரோவேவ். '1,000 வாட்' என்று அதில் எழுதியிருப்பது உணவுக்குள் போகும் சூடு. கரண்டிலிருந்து இழுப்பது 1,500 வாட்டை ஒட்டி வரும். இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 12 வோல்ட்டில் அது 140 ஆம்பியர். பழைய ஈய பேட்டரி அந்த இழுப்பைத் தாங்காமல் வோல்ட்டேஜ் சரிய, சார்ஜ் மீதி இருக்கும்போதே இன்வெர்ட்டர் கூவிவிட்டு அணைந்துவிடும். லித்தியம் பேட்டரி என்றால் சமாளிக்கும். கூரை ஏசியை மறந்துவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட், எங்கள் முழு இருப்பையும் தாண்டிவிடும். அதற்கு ஜெனரேட்டர்தான், அல்லது உயரமான குளிர்ந்த இடமாகப் பார்த்துப் போவதுதான்.

எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் தேவையா என்ற கேள்விக்கு விடை சொன்னது மாமியார். மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். மாமனார் தூங்கும்போது, மூச்சு தடைபடாமல் காற்றை ஊதும் சிபாப் கருவி மாட்டிக்கொள்பவர். இன்வெர்ட்டருக்கு அதுதான் காரணமாகும் என்று நினைத்தேன். ஆனால் அதற்கு 12 வோல்ட் வயரே தனியாகக் கிடைத்தது. ஈரப்பதமூட்டும் ஹீட்டரை அணைத்துவிட்டால் இரவு முழுக்க ஓடியும் பேட்டரியில் பெரிதாகக் குறையவில்லை. காலையில் தோசைக்கல்லைப் போட்ட மாமியார்தான், "இவ்வளவு பெரிய வண்டியில் ஒரு மிக்ஸி ஓடாதா மாப்பிள்ளை?" என்றார். அவர் பெட்டியில் சுமந்து வந்த மிக்ஸி 230 வோல்ட். அது இங்கத்திய 120 வோல்ட் பிளக்கில் சரியாக ஓடாது. 110 வோல்ட் மிக்ஸி இந்தியக் கடையில் கிடைத்தது. மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும் என்பதால் 300 வாட், 600 வாட் பெட்டிகள் உதவாது. ஆகவே அதே 1,000 வாட் இன்வெர்ட்டர் மறுபடியும் பரணிலிருந்து இறங்கியது. இந்த முறை வண்டியின் வயரிங்கைத் தொடவில்லை; சமையல் மேடைக்கு மட்டும் தனியாக ஒரு பிளக்.

நீங்களும் வாங்குவதானால் 'ப்யூர் சைன் வேவ்' என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் இன்னொரு வகையில் மிக்ஸி சூடேறி இரையும், சில சார்ஜர்கள் ஏறவே ஏறாது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் 150 வாட்டுக்கு மேல் இழுக்காதீர்கள். பெரிய இன்வெர்ட்டருக்குப் பேட்டரியிலிருந்து நேராக, குட்டையான, தடித்த கேபிள் வேண்டும். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் வேண்டும். இதில் சிக்கனம் பார்த்தால் தீப்பிடிக்கும். வண்டி முழுவதற்கும் கரண்ட் கொடுக்க வேண்டுமென்றால் டிரான்ஸ்ஃபர் சுவிட்சோடு (வெளிக் கரண்ட், இன்வெர்ட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைப்பது) முறையாக ஓர் எலக்ட்ரீஷியன் செய்யட்டும், என்னைப் போல் வயரைச் செருகாதீர்கள்.

2,000 வாட் பெட்டிக்கு இன்னொரு குணம் உண்டு: எதுவும் ஓடாவிட்டாலும், சும்மா 'ஆன்' ஆக இருப்பதற்கே 20 வாட் போல இழுக்கும். ஒரு நாளைக்கு அரை யூனிட் அதிலேயே போய்விடும்.

உங்கள் நிலையில் நானாக இருந்தால் அந்தப் பணத்தை முதலில் பேட்டரியிலும் 200 வாட் சோலார் பலகையிலும் போடுவேன். ஆனால் அதற்கும் முன்னால், ஒரு சனிக்கிழமை வண்டியை வீட்டு வாசலிலேயே நிறுத்தி, வெளி வயரைப் பிடுங்கிவிட்டு, ஃபிரிட்ஜைக் கேஸுக்கு மாற்றி, குடும்பத்தோடு அதிலேயே ஓர் இரவு தூங்குங்கள். எந்தப் பொருளுக்காகச் சுவர் பிளக்கைத் தேடிக் கை போனதோ அதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஃபிரிட்ஜ் எந்த வகை, பேட்டரி எத்தனை ஆம்பியர்-அவர் என்பதையும் சேர்த்து இங்கே போட்டால், எத்தனை வாட் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.