ஒரு கோல்ஃப் வீரரைப் பற்றி இணையத்தில் இருக்கும் வாழ்க்கைக் குறிப்பு சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

பெரும்பாலும் நம்பலாம். 'முதல்' என்ற சொல் வரும் இடத்தில் மட்டும் வண்டியை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். எனக்கு இது தெரியவந்தது கைக்காசு போன பிறகுதான்.

ஊட்டியில் ஃபிங்கர் போஸ்ட் பக்கம் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பள்ளியில் விளையாட்டு விழாவுக்கு இந்திய கோல்ஃப் வீரர்களைப் பற்றி ஃப்ளெக்ஸ் கேட்டார்கள். விஷயத்தையும் நீங்களே போட்டுக்கொடுங்கள் என்றார் டீச்சர். சரி என்று இணையத்தில் கிடைத்த ஒரு குறிப்பைத் தமிழாக்கி, ஆறடிக்கு நாலடி அடித்து, கடை வாசலில் சாய்த்து வைத்தேன். டீ குடிக்க வந்த சித்தப்பா வர்க்கியைக் கடித்துக்கொண்டே படித்தார். கூடலூர் ரோட்டில் இருக்கும் கோல்ஃப் மைதானத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கேடியாகப் பை தூக்கியவர் அவர்.

"இந்தியன் ஓப்பன் ஜெயிச்ச முதல் இந்தியர் அலி ஷேர்னு எவன்டா சொன்னான்?"

"நெட்ல இருக்கு சித்தப்பா."

"அப்ப சேத்தி யாரு, இங்கிலாந்துக்காரனா?"

பி.ஜி. சேத்தி அந்தப் பட்டத்தை வென்றது 1965-இல். அவர் அமெச்சூர், அதாவது பரிசுப் பணத்துக்கு ஆடாதவர். டெல்லியில் கேடியாக இருந்து ஆட்டக்காரர் ஆன அலி ஷேர் வென்றது 1991-இல், மறுபடி 1993-இல். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அவர்தான். குறிப்பை எழுதியவர் 'தொழில்முறை' என்ற ஒரு சொல்லைத் தின்றுவிட்டார், நான் முழு ஃப்ளெக்ஸையும் மறுபடி அடித்தேன். பழைய ஃப்ளெக்ஸ் இன்றும் எங்கள் விறகுக் கொட்டகைக்கு மழைத் தடுப்பாக இருக்கிறது.

அதனால் 'முதல்' என்று பார்த்தால், எதில் முதல் என்று கேளுங்கள். டூர் என்றால் தொழில்முறை வீரர்களுக்கு வருடம் முழுக்க நடக்கும் போட்டித் தொடர். ஐரோப்பிய டூரில் உறுப்பினரான முதல் இந்தியர் ஜீவ் மில்கா சிங், 1998-இல். அதே டூரில் ஒரு போட்டியை வென்ற முதல் இந்தியர் அர்ஜுன் அத்வால், 2002-இல் சிங்கப்பூர் மாஸ்டர்ஸ். அமெரிக்காவின் பிஜிஏ டூரில் வென்ற முதல் இந்தியரும் அவரே, 2010-இல் விண்டம் சாம்பியன்ஷிப். பெண்களுக்கான ஐரோப்பிய டூரில் வென்ற முதல் இந்தியர் அதிதி அசோக், 2016-இல். நாலும் உண்மை. நடுவில் ஒரு சொல்லை உருவிவிட்டால் நாலும் ஒன்றோடொன்று சண்டைக்கு நிற்கும்.

அடுத்து, வெற்றிகளின் எண்ணிக்கை. அனிர்பன் லாஹிரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிய டூரில் 7, ஐரோப்பிய டூரில் 2 என்று இருக்கும். கூட்டி 9 என்று எழுதினால் தப்பு. 2015-இல் அவர் வென்ற மலேசியன் ஓப்பனையும் இந்தியன் ஓப்பனையும் இரண்டு டூர்களும் சேர்ந்து நடத்தின. ஒரே கோப்பை, இரண்டு பேரேட்டிலும் வரவு. மளிகைக் கடையில் ஒரே சாமானுக்கு இரண்டு சீட்டில் கணக்கு எழுதின மாதிரி. அவர் பிறந்த ஊரும் இப்படித்தான் மாறும். பெங்களூரு வீரர் என்றே பேச்சு, பிறந்தது புனேயில்.

பிஜிஏ என்ற மூன்றெழுத்து இன்னொரு வழுக்குப் பாறை. பிஜிஏ டூர் ஒரு அமைப்பு, பிஜிஏ ஆஃப் அமெரிக்கா வேறு அமைப்பு. பிஜிஏ சாம்பியன்ஷிப்பை நடத்துவது இரண்டாமது. 2015-இல் லாஹிரி ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டது அந்த ஒரு போட்டியில். அதை 'பிஜிஏ டூரில் ஐந்தாம் இடம்' என்று எழுதினால், அந்த வருடக் கணக்கிலேயே ஐந்தாவதாக வந்தார் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். 'பகிர்ந்துகொண்ட' என்பதும் முக்கியம். முடிவுப் பட்டியலில் எண்ணுக்கு முன்னால் ஆங்கில 'T' எழுத்து இருந்தால் அந்த இடத்தில் ஒருவருக்கு மேல் இருக்கிறார்கள். தமிழில் எழுதும்போது அதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

தேதிக்குச் சித்தப்பா ஒரு குறுக்குவழி சொல்லித்தந்தார். நான்கு சுற்றுப் போட்டி வியாழன் தொடங்கி ஞாயிறு முடியும். வென்ற தேதி என்று குறிப்பில் இருப்பதை நாட்காட்டியில் பாருங்கள், வியாழன் வந்தால் தொடங்கிய தேதியைப் போட்டிருக்கிறார்கள். அத்வால் வென்ற 22 ஆகஸ்ட் 2010 ஞாயிறுதான். விதிவிலக்கு உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி ஒரே ஒரு மட்டை அடி வித்தியாசத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தது 7 ஆகஸ்ட் 2021, சனிக்கிழமை. பெயரில் 2020, நடந்தது 2021 என்பதால் அந்த வருடத்தையும் மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

உயரம், எடை, சொத்து மதிப்பு எல்லாம் இருந்தால் படிக்காமல் தாண்டிப் போங்கள்.

முக்கியமான விஷயம், ஒரு குறிப்பை இன்னொரு குறிப்போடு ஒப்பிட்டுப் பிரயோஜனமில்லை. எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டை. ஆளை விட்டுவிட்டுப் போட்டியைத் தேடுங்கள். அந்தப் போட்டியின் வருடவாரி வென்றவர் பட்டியல், அந்த வார முடிவுப் பட்டியல், மறுநாள் செய்தித்தாள், இந்த மூன்றில் இரண்டு ஒத்துவந்தால் எனக்குப் போதும்.

பெயர்க் குழப்பத்துக்கு எங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது, ஆட்டம்தான் வேறு. ஸ்னூக்கர் ஊட்டியில் பிறந்தது, கண்டுபிடித்தவர் நெவில் சேம்பர்லின் என்று சுற்றுலா வருகிறவர்களிடம் சொல்வார்கள். சில பேர் ஒரு படி மேலே போய், பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமரானவர் அவர்தான் என்பார்கள். ஆட்டம் உருவானது 1875-இல் ஜபல்பூரில், ராணுவ அதிகாரிகள் மெஸ்ஸில். விதிகளை எழுதி மாட்டியது 1882-இல் ஊட்டி கிளப்பில். சேம்பர்லின் என்ற பெயர் சரி, ஆனால் இவர் ராணுவ அதிகாரி. பிரதமர் சேம்பர்லின் பிறந்தது 1869-இல், ஜபல்பூரில் ஆட்டம் உருவானபோது அவருக்கு ஆறு வயது. பிறந்த வருடத்தைக் கழித்துப் பார்க்க அரை நிமிடம் போதும், யாரும் பார்ப்பதில்லை.

கடைசியாக ஒன்று. எல்லாம் ஒத்துவந்தாலும் பதிவில் இருப்பதும் மைதானத்தில் நடந்ததும் வேறாக இருக்கலாம். கோல்ஃபில் குறைந்த அடியில் முடிக்கிறவருக்குத்தான் வெற்றி. போட்டியில் உங்கள் அடிகளை அட்டையில் எழுதுகிறவர் உங்களோடு ஆடுகிறவர். நீங்கள் ஒவ்வொரு குழியாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அமெரிக்காவின் பெரிய போட்டியான மாஸ்டர்ஸ், 1968-இல் அதன் கடைசி நாள், ஏப்ரல் 14. அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோவுக்கு அன்று 45-ஆவது பிறந்தநாள். பதினேழாவது குழியை 3 அடியில் முடித்தார், உடன் ஆடிய டாமி ஆரன் 4 என்று எழுதிவிட்டார். ராபர்ட்டோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஆடியது 65, அட்டையில் 66. குறைத்து எழுதியிருந்தால் போட்டியிலிருந்தே வெளியேற்றியிருப்பார்கள். கூட்டி எழுதியதால் அதுவே நின்றுவிட்டது. பாப் கோல்பியுடன் சமநிலையில் இருந்து மறுநாள் பிளேஆஃப், அதாவது வென்றவர் யார் என்று முடிவுசெய்யும் கூடுதல் ஆட்டம், ஆட வேண்டியவர், ஒரு அடி வித்தியாசத்தில் இரண்டாமிடம் ஆனார். ஆகவே அவர் குறிப்பில் 65 என்று இருந்தாலும் 66 என்று இருந்தாலும் உடனே திருத்தப் போகாதீர்கள். பக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கதையைச் சொன்னதும் சித்தப்பாதான். இப்போதெல்லாம் பெயர், வருடம் வருகிற எதை அச்சடித்தாலும் முதல் பிரதி அவரிடம் போகும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வரிக்கு வரி விரலை வைத்து, பதினெட்டுக் குழியையும் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார். போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் கிழமை தப்பு என்று பிடித்துக் கொடுத்தார்.