தாத்தாவை வில்லனாக்க வேண்டாம்

முதியோரின் ஓய்வூதியத்தை இளையர் கட்சி ஒன்று பறிப்பதாக நையாண்டிக் கதை எழுதினேன், படித்தவர்கள் சிரிக்கவே இல்லை, கட்டுரை மாதிரி இருக்கிறது என்கிறார்கள், எங்கே கோளாறு என்று கேட்டிருந்தீர்கள். கோளாறே அந்த ஓய்வூதியம்தான். இங்கே சிங்கப்பூரில் பெரும்பாலானோருக்கு அது ஏது? 1955இலிருந்து மத்திய சேம நிதி என்கிற கட்டாயச் சேமிப்புதான், அவரவர் கணக்கு அவரவருக்கு. அதனால் சண்டையை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்: அப்பாவின் 55ஆவது பிறந்தநாளுக்குக் கேக்கோடு தன் புதுவீட்டு முன்பணக் கணக்கையும் நீட்டுகிற மகன், "மாதாமாதம் வருவது 65க்கு மேல்தானேப்பா, இப்போது எடுக்க முடிந்ததை எடுங்களேன்" என்கிறான்.

அரசியல் வேண்டுமா? மூத்தோர் சலுகைக்காக அரசு பிரித்த பிரிவுகள் இருக்கின்றன: 1949 முடியப் பிறந்த குடிமக்கள் முன்னோடித் தலைமுறை, 1950 முதல் 1959 வரை பிறந்தவர்கள் மெர்டேக்கா தலைமுறை. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) மானியம் போக மீதியில் முன்னவருக்கு மேலும் 50 விழுக்காடு கழிவு, பின்னவருக்கு 25. 1949 டிசம்பர் 31 இரவு பிறந்த அண்ணனையும் நள்ளிரவு தாண்டிப் பிறந்த தம்பியையும், ஆமாம், இரட்டையர், மருந்து வாங்க ஒரே வரிசையில் நிறுத்துங்கள். தம்பி அண்ணனின் ரசீதை எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா கொஞ்சம் அவசரப்பட்டிருக்கலாம்" என்று முணுமுணுக்கட்டும்.

அப்புறம் உங்கள் கதையில் வரும் அந்த அமைச்சரின் இரண்டு பக்கச் சொற்பொழிவு... வெட்டிவிடுங்கள்.