எராஸ்மஸ் மாணவர்களின் ஐரோப்பிய உணர்வு: பயணம்தான் காரணமா?

எராஸ்மஸ் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் மாணவர் பரிமாற்றத் திட்டம். அதில் வேறு நாட்டுக்குப் போய்ப் படித்ததால்தான் மாணவர்களிடம் ‘நாங்கள் ஐரோப்பியர்’ என்ற உணர்வு கூடியது என்று உங்கள் ஆய்வில் சொல்கிறீர்கள். உங்கள் தரவை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. போய்த் திரும்பியவர்களையும் போகாதவர்களையும் பயணத்துக்குப் பிறகு மட்டுமே ஒப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் நெறியாளர் மறுத்தது சரிதான்.

1987-இல் தொடங்கிய இத்திட்டத்துக்கு விண்ணப்பிப்பவர்களில் பலர் ஏற்கெனவே அயல்மொழி தெரிந்தவர்கள், எல்லை கடந்து பழகியவர்கள். அந்த மனப்பான்மையே அவர்களைப் பயணத்துக்கு அனுப்பியிருக்கலாம்.

அடுத்த ஆண்டு போகத் தேர்வானவர்களிடம் இப்போதே அதே கேள்விகளைக் கேளுங்கள். அவர்களுடைய மதிப்பெண் திரும்பியவர்களின் மதிப்பெண்ணை நெருங்கியிருந்தால், வேறுபாடு புறப்படும் முன்பே இருந்தது என்று பொருள். திரும்பியவர்களிடம், போன நாட்டில் கிடைத்த உள்ளூர் நண்பர்கள் எத்தனை பேர் என்பதையும் தயவுசெய்து கேளுங்கள். சக அயல்நாட்டு மாணவர்களோடு மட்டுமே பழகித் திரும்புபவர்கள் உண்டு.

ஒரு எச்சரிக்கை: தொடக்கத்திலேயே 5-க்கு 5 கொடுத்தவர் மேலே உயர இடமில்லை. அதை வைத்துப் பயணம் வீண் என்று எழுதிவிடாதீர்கள்.