அடிக்கடி தலைவலி வருது, இது சைனஸா மைக்ரேனா? வாரத்துல நாலு நாள் மாத்திரை போடறேன், தப்பா?

தப்புதாங்க. அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னு கீழ வரும்.

நான் டாக்டர் கிடையாது, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசிங் பாக்கறேன். ஆனா நீங்க எழுதியிருக்கற ஒரு பக்கம் விண்ணு விண்ணுன்னு தெறிக்கறது, மூக்கடைப்பு, கண்ல தண்ணி, கடைசில வாந்தி, இதெல்லாம் பதினோரு வருஷம் நான் பட்டது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

எனக்கு மொதல்ல வெச்ச பேரு "தலைல நீர் கோத்துருக்கு". அமுச்சி, அதாவது எங்கம்மாவோட அம்மா, சுக்கு உரசி நெத்தில பத்து போட்டு விடும், அத்தை நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க சொல்லும், ரெண்டுக்குமே அந்த நேரத்துக்கு இதமாத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் மூக்கு டாக்டர், எக்ஸ்ரே, ஆன்டிபயாடிக் மூணு கோர்ஸ். நிஜ சைனஸ் இன்ஃபெக்ஷன்னா மூக்குல மஞ்சளாவோ பச்சையாவோ கெட்டியா சளி வரணும், பல பேருக்கு காய்ச்சல் இருக்கும், வாசனை தெரியாது, அது சரியானா தலைவலியும் சேர்ந்து போயிடும். எனக்கு வந்தது வெறும் தண்ணி, அதுவும் தலைவலி வந்தப்புறம். மைக்ரேன்ல முகத்துக்கு போற பெரிய நரம்பு ஒண்ணு, டிரைஜெமினல்னு சொல்றாங்க, அது கிளம்பும்போது கூடவே கண்ணீர் சுரப்பியையும் மூக்கையும் தூண்டி விட்டுடுதாம், அதான் மூக்கடைப்பு. தனக்கு சைனஸ் தலைவலின்னு தானே முடிவு பண்ணிட்டு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இருக்கறது மைக்ரேன்தான். என்னை பாத்த நியூராலஜிஸ்ட், அதான் நரம்பு டாக்டர், மூக்க பத்தி பேச்சே எடுக்கல, "வலி வரும்போது இருட்டு ரூம்ல படுக்கணும்னு தோணுமா?"ன்னு மட்டும் கேட்டாரு. நான் அழுதுட்டேன், ஏன்னா அதை வீட்ல எல்லாரும் சோம்பேறித்தனம்னு சொல்லிட்டு இருந்தாங்க.

ரெண்டாவது பேரு பித்தம். காலைல சாப்ட இட்லி சாயங்காலம் அப்படியே முழுசா வாந்தி வரும், அப்புறம் மஞ்சளா கசப்பா வரும், உடனே "பித்தம் தலைக்கேறிருச்சு, எலுமிச்சம்பழம் குடி"ம்பாங்க. அது தலைகீழ். தலைவலி ஆரம்பிச்சதும் வயிறு வேலை நிறுத்தம் பண்ணிடுது, உள்ள போனது நகராம கெடக்குது, வயிறு காலியானப்புறமும் குமட்டறதால பித்தநீர் வருது. இது ஏன் முக்கியம்னா, வலி உச்சத்துக்கு போனப்புறம் முழுங்கற மாத்திரையும் அந்த இட்லி மாதிரிதான் கெடக்கும், ரத்தத்துல சரியா ஏறாது. நான் எத்தனையோ நாள் "இன்னும் கொஞ்சம் பாப்போம், தானா போயிடும்"னு தாங்கிட்டு இருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு போட்டு, கேக்கலைன்னு இன்னொண்ணு போட்டு அதையும் வாந்தி எடுத்திருக்கேன். இப்ப ஆரம்பத்துலயே போட்டுடறேன், கூடவே அந்த நியூராலஜிஸ்ட் வாந்திக்கு டாம்பெரிடோன் எழுதி குடுத்திருக்காரு, அது வயித்துல கெடக்கறதையும் நகர்த்தும்.

மைக்ரேனுக்கு தமிழ்ல சொல்ற ஒற்றைத் தலைவலிங்கற பேரே பாதி பேர ஏமாத்துதுங்க. ரெண்டு பக்கமும் வரலாம், பிடரில ஆரம்பிக்கலாம். டாக்டருங்க பாக்கற கணக்கு வேற: மருந்து போடாம விட்டா 4 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரம் வரைக்கும் இருக்குதா, துடிக்குதா, மாடிப்படி ஏறினா கூடுதா, குமட்டுதா, வெளிச்சமும் சத்தமும் ஆகலையா, இப்படி அஞ்சு தடவையாவது வந்திருக்கா. ஸ்கேன்ல இது தெரியாது. நான் ரெண்டு தடவை ஸ்கேன் எடுத்து ரெண்டும் நார்மல், அதை வெச்சே வீட்ல "ஒண்ணுமில்லையாம்"னு முடிச்சிட்டாங்க.

ஏன் வருதுன்னா, முன்னாடி தலைல ரத்தக்குழாய் விரியறதாலன்னு சொல்லிட்டு இருந்தாங்க, இப்ப நரம்புல இருந்து ஆரம்பிக்குதுன்னு சொல்றாங்க, அந்த நரம்பு நுனில சிஜிஆர்பின்னு ஒரு பொருள் கொட்டுது, அதுக்கும் மைக்ரேனுக்கும் இருக்கற தொடர்ப கண்டுபிடிச்ச நாலு பேருக்கு 2021ல பிரெய்ன் பிரைஸ்னு மூளை ஆராய்ச்சிக்கான விருது குடுத்தாங்க. பொறப்புலயே வர்ற வாகும் இருக்கு, எங்கம்மாவுக்கு மாசாமாசம் மண்டையிடி வரும், அமுச்சிக்கும் இருந்துச்சாம். பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்கள விட கிட்டத்தட்ட மூணு மடங்கு, மாதவிலக்குக்கு முன்னாடி ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் சட்டுனு இறங்கறது ஒரு காரணம்.

தூண்டி விடற விஷயம் ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு வெள்ளிக்கிழமைதான் எமன். தலைக்கு குளிச்சுட்டு ஈரத்தலையோட, வெறும் வயித்தோட, கோயில் வரிசைல வெயில்ல நின்னா மத்தியானம் ஆள் காலி. நான் நல்லெண்ணெய் ஒத்துக்கலைன்னு நெனச்சு எண்ணெய விட்டேன், ஷாம்பு மாத்தினேன். மும்பைல கே. ரவிசங்கர்னு தலைவலி டாக்டர் ஒருத்தர் 2006ல 94 இந்திய நோயாளிங்கள வெச்சு, தலைக்கு குளிச்சா மைக்ரேன் வருதுன்னே கட்டுரை எழுதியிருக்காரு, வெளிநாட்டு லிஸ்ட்ல சாக்லேட்டும் ஒயினும் இருக்கும், நம்ம ஊர் பொம்பளைங்க சொல்றத ஒருத்தராவது எழுதினாரே. நான் இப்ப சாப்டுட்டு, சாயங்காலம் குளிச்சு, உடனே தலைய ஒணத்திக்கறேன், பாதி கொறஞ்சுது. காபி இன்னொண்ணு. தினமும் ஆறு மணிக்கு ஸ்ட்ராங்கா குடிச்சு பழகிட்டு ஞாயித்துக்கிழமை ஒம்பது மணி வரைக்கும் தூங்கினா தலை பிடிக்கும், காபி போதாத வலி அது.

சரி, மாத்திரைக்கு வர்றேன். பஸ் ஸ்டாப் பக்கத்து மெடிக்கல்ல "தலைவலிக்கு ரெண்டு குடுங்கண்ணா"ன்னா கத்தரிச்சு குடுப்பாரு, பேரு கூட பாத்ததில்ல. ரெண்டு மூணு மருந்தும் காபில இருக்கற கஃபைனும் கலந்த மாத்திரை அது. நியூராலஜிஸ்ட் கேட்டாரு, "தலைவலி எத்தனை நாள்னு சொல்லாதீங்க, துளி கூட வலி இல்லாத நாள் மாசத்துல எத்தனை?" எனக்கு பதில் தெரியல. எழுதிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு. நான் தினமும் பாக்கற ஒரே காகிதம் பால் கணக்கு எழுதற காலண்டர், அதுல பால் கோட்டுக்கு பக்கத்துலயே வலின்னா "த", மாத்திரைன்னா "மா"ன்னு போட்டேன். மாசக்கடைசில எண்ணினா த 19, மா 16.

கலவை மாத்திரையோ, டிரிப்டான்னு மைக்ரேனுக்குன்னே இருக்கற மாத்திரையோ மாசத்துல 10 நாளோ அதுக்கு மேலயோ, சாதா பாராசிட்டமால் மாதிரின்னா 15 நாளோ அதுக்கு மேலயோ போட்டு, இப்படியே மூணு மாசம் தாண்டினா மாத்திரையே தலைவலி உண்டாக்க ஆரம்பிச்சிடும்னாரு. வாரத்துல நாலு நாள்னா நீங்க மாசத்துக்கு 16, 17 நாள், கணக்கு பாத்துக்கோங்க. நிறுத்தினப்ப முதல் பத்து நாள் நரகம், அதுவும் ஷிப்மென்ட் நேரம், லீவு கேக்க முடியாம டாய்லெட்ல போயி உக்காந்திருக்கேன். அதுக்கப்புறம் தெளிஞ்சுது. நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க, டாக்டர் மேற்பார்வைல பண்ணுங்க, சில மாத்திரைய மெதுவாத்தான் கொறைக்கணும்.

வராம தடுக்கறதுக்கு தினசரி மாத்திரை தனியா இருக்கு. எனக்கு வீசிங் இருக்கறதால அதுல ப்ராப்ரனலால்ங்கறது வேண்டாம்னுட்டு அமிட்ரிப்டிலின்னு ஒண்ணு 10 மில்லிகிராம் ராத்திரிக்கு குடுத்தாரு. எங்க வூட்டுக்காரர் போன்ல தேடிப் பாத்துட்டு "இது மனசு சரியில்லாதவங்களுக்கு குடுக்கறதாச்சே"ன்னு ஒரே ரகளை. அதுக்கு குடுக்கற டோஸ் வேற, இது ரொம்ப கம்மி. வாய் காஞ்சு போச்சு, காலைல மந்தமா இருந்துச்சு, ரெண்டு கிலோ ஏறினேன். பலன் தெரிய ரெண்டு மாசம் ஆச்சு, மூணாவது வாரமே "கேக்கல"ன்னு விட்டிருந்தா போயிருக்கும். இதுக்கே வால்ப்ரோயேட்னு ஒண்ணு குடுப்பாங்க, குழந்தை பெத்துக்கற வயசுல இருக்கறவங்க அது சீட்டுல இருந்தா கட்டாயம் கேளுங்க, கருவுக்கு ஆகாது. வலி வந்தா போடறதுக்கு இப்ப நாப்ராக்சன்னு ஒரு வலி மாத்திரை, அதுக்கும் அடங்காத நாளுக்கு டிரிப்டான் வகைல ரிசாட்ரிப்டான். இதய நோய் இருக்கறவங்களுக்கு டிரிப்டான் குடுக்க மாட்டாங்க. சிஜிஆர்பிய தடுக்கற ஊசி 2018ல அமெரிக்காவுல வந்துச்சு, வெல அதிகம், நான் போட்டதில்ல.

இவ்ளோ சொன்னேன்னு எல்லா தலைவலியையும் மைக்ரேன் கணக்குல சேத்துடாதீங்க. இடி விழுந்த மாதிரி ஒரே நிமிஷத்துல உச்சத்துக்கு போறது, காய்ச்சலோட கழுத்து மடங்காம போறது, கை கால் இழுக்கறது, பேச்சு குழறது, தலைல அடிபட்டப்புறம் வர்றது, 50 வயசுக்கு மேல புதுசா வர்றது, கர்ப்பமா இருக்கும்போதோ குழந்தை பொறந்த ஒண்ணரை மாசத்துக்குள்ளயோ வர்ற பலமான வலி, இதுக்கெல்லாம் பத்து போட்டுட்டு உக்காராம அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு போகணும். கண் முன்னாடி வளைஞ்சு வளைஞ்சு வெளிச்சம் தெரிஞ்சு அப்புறம் வலி வர்றவங்க கருத்தடை மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க, சில வகை மாத்திரைல ஸ்ட்ரோக் வர்ற வாய்ப்பு கூடும்.

எனக்கு முழுசா போகலைங்க. போன மாசம் காலண்டர்ல த 4, மா 3. அதுல ஒண்ணு ஆடி வெள்ளிக்கு, அத்தை பேச்ச கேட்டு காலைலயே தலைக்கு குளிச்சு வெறும் வயித்தோட போனது, அது என் தப்பு.